பாராட்டு மலருக்கு நான் எழுதிய வாழ்க்கை வரலாறு

எங்கள் பாடசாலையில் பரிசளிப்பு விழா என்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பரிசுதான்: ‘கவிஞர் சேர்’ என்று ஊர் கூப்பிடும் எங்கள் ஆசிரியர் ஒருவரின் கவிதைத் தொகுதி. ஓட்டத்தில் முதலாவது வந்தாலும் அதுதான், கணிதத்தில் முதலாவது வந்தாலும் அதுதான். விழாக் குழுவின் செயலாளர் அவரே. கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தியின் வீட்டில் அந்தப் புத்தகம் ஏழு பிரதி கிடந்தது. அதில் ஒன்றை அவளுடைய உம்மா தண்ணீர்க் குடத்துக்கு மூடியாக வைத்திருந்ததை என் கண்ணால் கண்டேன். அந்தப் புத்தகத்தால் ஊருக்குக் கிடைத்த ஒரே பிரயோசனம் அது.

இருபத்து மூன்று வருடம் அவரோடு ஒரே ஆசிரியர் அறையில் இருந்தவள் நான். இரண்டு பேருக்கும் தமிழ்ப் பாடம். பாடம் எனக்கு, தமிழ் அவருக்கு என்று சொல்லலாம். வகுப்புக்குப் போவார், கரும்பலகையில் ஒரு கட்டுரைத் தலைப்பை எழுதுவார், பிறகு மேசையில் குனிந்து தன் கவிதைகளுக்கு அச்சுப்பிழை பார்ப்பார். பரீட்சை நெருங்கினால் அவருடைய பிள்ளைகள் பின்னேரத்தில் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள்.

எந்தக் கட்சி வென்றாலும் வென்றவருக்கு அவரிடம் ஒரு வாழ்த்துப்பா தயாராக இருக்கும். ஊரில் யார் மௌத்தானாலும் ஓர் இரங்கற்பா. எல்லாம் ஒரே பாட்டுத்தான், பெயரை மட்டும் மாற்றுவார். ஒருமுறை மீன் வியாபாரி ஒருவரின் இரங்கற்பாவில் “மாணவர் நெஞ்சில் வாழும் ஆசானே” என்று இருந்தது. மாற்ற மறந்துவிட்டார். அதையும் சட்டம் போட்டு அந்த வீட்டுச் சுவரில் மாட்டினார்கள். இப்படித்தான் அவருக்குக் ‘கவி’ என்று தொடங்கும் பட்டங்கள் ஆறு சேர்ந்தன.

ஆனால் அவர் பெயர் எடுத்தது சுனாமிக் கவிதையால். அதைத்தான் சொல்ல வந்தேன்.

சுனாமி வந்த வருடம் நான் ஆறாம் வகுப்புக்குப் பொறுப்பாக இருந்தேன். என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு நடக்க ஏலாது. இடுப்புக்குக் கீழே பிறவியிலேயே பலமில்லை. வாப்பா மருதமுனையில் சாரம் நெய்கிறவர். காலையில் சைக்கிளில் கொண்டுவந்து, தோளில் தூக்கிக்கொண்டு மேல்மாடிக்கு ஏறி, வாங்கில் உட்காரவைத்துவிட்டுப் போவார். பாடசாலை விட்டதும் மறுபடி வந்து தூக்கிக்கொண்டு இறங்குவார். கவிஞர் சேரின் வகுப்பு கீழே, படிக்கட்டுக்குப் பக்கத்தில்.

நான் அவரிடம் போய்க் கேட்டேன். “சேர், வகுப்ப மாத்திக்குவமா? நீங்க மேல போங்க, நாங்க கீழ வாறம். அந்தப் புள்ளைக்கு லேசு.”

“எனக்கு முழங்கால் நோ டீச்சர்” என்றார், நாற்பது வயதுகூட ஆகாத மனிதர். “அதோட கீழ இரிந்தாத்தான் கடல் காத்து வரும். காத்து வந்தாத்தான் எனக்கு எழுத வரும்.”

காற்று மேலேதான் அதிகம் என்று முதலாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அதிபரும் அவர் பக்கம். அந்த வாப்பா வருடம் முடியும் வரைக்கும் படி ஏறினார்.

டிசம்பர் விடுமுறையில் கடல் வந்தது. அந்தப் பிள்ளை போய்விட்டாள்.

கவிஞர் சேர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. கண்டியில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். ஒரு கிழமை கழித்து வந்தார், அடுத்த கிழமை கவிதை வந்தது. அதில் எங்கள் பாடசாலைச் சிறுமி ஒருத்தி, காலில் கொலுசு சிணுங்க, தாயின் கையை உதறிவிட்டுச் சிப்பி பொறுக்க ஓடுகிறாள். அலை அவளை அள்ளிக்கொள்கிறது. எங்கள் பாடசாலையில் மௌத்தான சிறுமி ஒருத்திதான். கவிதை வானொலியில் வந்தது, மேடை மேடையாகப் போனது. கடைசி வரியில் அவருக்குக் குரல் உடையும், லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைப்பார். எந்த ஊரிலும் அதே வரி, அதே லேஞ்சி. நான் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

போன வருடம் அவர் ஓய்வு பெற்றார். பாராட்டு விழாக் குழுவில் இருந்தவர்கள் எல்லாம் பழைய மாணவர்கள், இப்போது பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்கள். மலருக்கு வாழ்க்கை வரலாறு எழுத என்னிடம் வந்தார்கள்.

“சேரைப் பத்தி உங்களவுக்கு ஆருக்குத் தெரியும் டீச்சர்?”

அந்தப் பேச்சு மட்டும் உண்மை. மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். அதற்குப் பயந்து ஓம் என்றேன். விபரம் எடுக்க அவர் வீட்டுக்குப் போனபோது சோபாவில் சாய்ந்துகொண்டு சொன்னார்: “சுனாமிக் கவித கடற்கரையில நிண்டுகொண்டு எழுதினது எண்டு போடுங்க.”

“சேர், நீங்க அண்டைக்குக் கண்டியிலதானே?”

“மனசு இஞ்சதானே நிண்டது.”

நான் எழுதினேன். ‘பிணங்கள் கிடந்த கரையில் நின்று, கண்ணீரால் எழுதினார்’ என்று அழகாகவே எழுதினேன். அவரை இளக்காரமாகப் பார்த்த எனக்கு அந்த ஒரு வரி எழுத ஐந்து நிமிடமும் எடுக்கவில்லை.

விழா கல்முனையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அந்த நெசவுக்கார வாப்பாவைக் கூப்பிட்டுப் பொன்னாடை போடவைத்தால் உருக்கமாக இருக்கும் என்று குழுவில் யாருக்கோ யோசனை வந்திருக்கிறது. அவர் மேடை, கூட்டம் என்று போகிற ஆளில்லை. அந்தக் கவிதையை அன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டார். வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக முன்வரிசையில் அசையாமல் இருந்தார். கவிஞர் சேர் வாசித்து, உடைந்து, துடைத்து முடித்ததும் இவரை மேடைக்கு ஏற்றிக் கையில் பொன்னாடையைக் கொடுத்தார்கள். அவர் போர்த்தவில்லை.

“சேர், நீங்க படிச்சது எந்தப் புள்ளையப் பத்தி?” என்று கேட்டார். ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

“உங்கட மகளப் பத்தித்தான் காக்கா” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார் கவிஞர் சேர்.

“என்ட மவளுக்கு நடக்க ஏலாதே சேர். உங்கட வகுப்பு வாசலாலதானே நான் தூக்கிக்கொண்டு ஏறினன். அவ எப்பிடி ஓடுவா? உம்மாட கைய எப்பிடி உதறுவா? உம்மா தூக்கிக்கொண்டுதான் ஓடினா.”

நான் மேடையில் மூன்றாவது கதிரையில் இருந்தேன். கவிஞர் சேரின் முகத்தைப் பார்த்தேன். அதில் வெட்கம் இல்லை. அந்தப் பிள்ளை யார் என்று ஞாபகப்படுத்த முயன்று முடியாமல் போன முகம் அது. பிறகு சிரித்துக்கொண்டு அவர் தோளில் கையைப் போட்டார். “கவித எண்டா அப்பிடித்தான் காக்கா. உங்களுக்கு விளங்காது.”

அறிவிப்பாளர் அவசரமாக, “துயரம் தாங்காத ஒரு தந்தை” என்றார். கை தட்டினார்கள். அந்த மனிதர் பொன்னாடையை நாலாக மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். நான் எழும்பவில்லை.

ஒரு மாதத்துக்குள் கவிஞர் சேர் முகநூலில் கவிதையைத் திருத்திப் போட்டார். இப்போது சிறுமி நடக்க முடியாதவள். கொலுசு இல்லை. ஆளில்லாத கரையில் தனியே இருக்கிறாள், அலை தாயாக வந்து தூக்கிக்கொள்கிறது. முந்தியதைவிட இதற்குப் பாராட்டு அதிகம். ‘கண் கலங்கிவிட்டது சேர்’ என்று நூற்றுக்கணக்கில். அந்த வாப்பா மேடையில் நின்று கேட்ட கேள்வியையும் அவர் சரக்காக்கிவிட்டார்.

அடுத்த நாள் அந்த வீட்டைத் தேடிப் போனேன். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீட்டுத்திட்டத்தில் இருந்தார்கள். வாப்பா நூல் எடுக்கப் போயிருந்தார். உம்மாதான் கதவைத் திறந்தா. மலரில் நான் எழுதியதைச் சொன்னேன். பொய் என்று தெரிந்துகொண்டே எழுதினேன் என்றும் சொன்னேன். திருத்தின கவிதையை வாசிக்கச் சொன்னா. தொலைபேசியில் எடுத்து வாசித்தேன்.

“அதில நான் எங்க நிக்கிறன் டீச்சர்?”

“அதில நீங்க இல்ல.”

அவ தன் கையைப் பார்த்தா.

“மூணு ஒழுங்கை தாண்டி ஓடினன்” என்றா. “பள்ளிவாசல் மதிலப் புடிச்சிட்டன். ஒரு கையால மதில், ஒரு கையால அவ. ‘உம்மா, கைய மாத்திப் புடிங்க, நோகுது’ எண்டா. மாத்தப் போனன்.”