ஏழாம் பக்கத்தில் இல்லாத மருமகன்

செல்வரத்தினம் கண்ணை மூடிப் பதினாறாம் நாள், லண்டன் இல்ஃபோர்ட்டில் அவருடைய வீட்டுக் குசினிக்குள் யாரோ ஒருத்தி கேத்திலைக் கொழுவுவதற்காகச் சுவரில் இருந்த பிளக் ஒன்றைக் கழற்றினாள். யார் கழற்றியது என்று இன்றுவரை தெரியாது. செத்த வீட்டில் தேத்தண்ணி ஊற்ற ஆயிரம் கை வரும், ஒவ்வொரு கையையும் பிடித்துப் பார்க்கவா முடியும்? அந்த வயரின் மற்ற முனையில் அவருடைய மனைவி தவநாயகியின் லப்டொப் இருந்தது. அது அந்த நேரம் பார்த்துத் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. அணைக்க வேண்டாம் என்று திரையிலும் எழுதிக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. பற்றரி கிழடு. வயரைப் பிடுங்கினால் ஒரு நிமிடம் தாங்காது.

அதோடு போனதுதான். திருப்பிப் போட்டால் நீலத் திரை வரும், கொஞ்ச நேரம் வட்டம் சுற்றும், பிறகு மறுபடியும் நீலத் திரை.

தவநாயகி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய மனுசனின் நினைவு மலர் அதற்குள்தான் இருந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சாப்பிட வருகிற எல்லோர் கையிலும் கொடுக்கிற சின்னப் புத்தகம் அது. படமும் தேவாரமும் வாழ்க்கை வரலாறும் இருக்கும். அதையெல்லாம் சனங்கள் சும்மா தட்டிப் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டு வாசிக்கிற பக்கம் ஒன்றே ஒன்றுதான்: யாருக்குக் கணவர், யாருக்குத் தகப்பன், யாருக்கு மாமனார் என்று உரித்துக்காரரின் பெயர் வருகிற பக்கம். கலியாணம் பேசப் போகிறவர்கள் இந்தப் புத்தகங்களைச் சேர்த்தே வைத்திருப்பார்கள். ஒரு வீட்டில் யார் எங்கே கலியாணம் செய்திருக்கிறார்கள் என்று பார்க்க அதைவிட வேறு என்ன வேண்டும்?

அந்தப் பக்கத்தின் பாரம் தவநாயகிக்குத் தெரிந்ததுபோல வேறு யாருக்கும் தெரியாது. டென்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் நின்று, பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தவள். வந்த பிறகு வீட்டில் இருந்தபடியே மற்றவர்களுக்கு நினைவு மலர் அடித்துக் கொடுத்தாள். நூறு வீட்டுக்குக் குறையாமல் அடித்திருப்பாள். ஒரு பெயர் விடுபட்டதால் அண்ணனும் தம்பியும் முகம் பார்க்காமல் போன வீடுகளும் அதற்குள் உண்டு. அதனால் அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. பெயர்ப் பக்கத்தை அடித்த ஆளே சரிபார்க்கக் கூடாது. அந்தக் குடும்பத்து இன்னொரு ஆளிடம் கொடுத்து, ஒருவரும் விடுபடவில்லை என்று வாயால் சொல்ல வைத்த பிறகுதான் அச்சுக்கு அனுப்புவாள்.

இந்தமுறை அந்த இன்னொரு ஆள் அவளுடைய தங்கச்சி சுசிலா. கூடப்பிறந்தவளை விட்டு வேறு யாரிடம் கொடுப்பது?

சுசிலா ஹரோவில் இருந்தாள். அவளுடைய கணவர் கிருஷ்ணராசா ஒரு கொம்பனிக் கந்தோரில் கம்பியூட்டர் பார்க்கிற வேலை. தவநாயகி போன் எடுத்ததும் அவர் எல்லாவற்றையும் ஆறுதலாகக் கேட்டார்.

"மச்சாள், பயப்பிடாதேங்கோ. புதுப்பிக்கிற நேரம் கரண்ட் போனதாலை விண்டோசின்ரை சொந்தப் பைலுகள் கொஞ்சம் பழுதாப் போச்சு. உங்கடை எழுத்து வேறை இடத்திலை கிடக்கு. வீட்டிலை கதவு இறுகினால் உள்ளுக்கை அலுமாரியிலை இருக்கிற சீலைக்கு என்ன? கதவைத் திருத்தினால் காணும்."

"எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசாப் போடுறன் எண்டு சொல்லமாட்டியளே தம்பி?"

"ஐயோ, அது சோம்பேறியளின்ரை வேலை. நான் அப்பிடிச் செய்யமாட்டன்."

தவநாயகி செத்த வீட்டுத் துடக்குக்காரி, முப்பத்தோராம் நாள் முடியாமல் வெளியே போக ஏலாது. வெள்ளிக்கிழமை சுசிலாவே ரயிலில் வந்து லப்டொப்பைத் துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டாள்.

"திருத்தினாப் பிறகு ஏழாம் பக்கத்தை ஒருக்கா வடிவாப் பாரடி," என்றாள் தவநாயகி. "ஒருத்தற்றை பெயரும் விடுபடக் கூடாது. பார்த்திட்டு அங்கையிருந்தே அச்சுக்கு அனுப்பிவிடு. எனக்கு இப்ப கண்ணும் தெரியேல்லை, மனமும் இல்லை."

"நான் பார்க்கிறன் அக்கா. நீங்கள் படுங்கோ."

அந்த ஏழாம் பக்கத்தில் என்ன இருந்தது என்பதைச் சொல்லவேண்டும். கீர்த்தனன், சாருஜா என்று இரண்டு பிள்ளைகள். மகன் இன்னும் தனி ஆள். மகள் சாருஜா ஆறு வருடத்துக்கு முன்னால் பிரியந்தன் என்ற பெடியனைத் தானே பார்த்துக் கலியாணம் எழுதிவிட்டாள். நல்ல பெடியன், நல்ல வேலை. ஆனால் ஊரில் எந்தப் பக்கம், ஆர் ஆக்கள் என்று சாதி விசாரித்தவர்கள் பிறகு குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள். செல்வரத்தினம் அன்றைக்குக் கதவைச் சாத்தினவர்தான். பேத்தி மேனுஷா பிறந்த செய்தியையும் தவநாயகி அவருடைய முதுகைப் பார்த்துத்தான் சொன்னாள்.

கடைசிக் கிழமை ஆஸ்பத்திரியில் அவருக்குத் தாடி வளர்ந்து முகம் கடித்து அரித்தது. நேர்சுமாருக்கு நேரமில்லை. பிரியந்தன் ஒருவரிடமும் கேட்காமல் வந்து, சுடுதண்ணீர் எடுத்து, துவாயைக் கழுத்தில் சுற்றி, மாமனாருக்குச் சவரம் எடுத்துவிட்டான். இரண்டு பேரும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அவன் போன பிறகு செல்வரத்தினம் தாடையைத் தடவிப் பார்த்தார்.

"இஞ்சை பார். என்ரை புத்தகத்திலை அவன்ரை பெயரைப் போடு. பிள்ளையின்ரை பெயரையும் போடு."

அதற்குப் பிறகு அவர் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. தவநாயகி அதை அப்படியே அடித்தாள். பிரியந்தனின் அன்பு மாமனாரும், மேனுஷாவின் ஆசை அம்மப்பாவும் என்று. அடித்துவிட்டு மகளுக்குப் போனில் வாசித்தும் காட்டினாள். சாருஜா போனின் மற்ற முனையில் நெடுநேரம் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை லப்டொப் திரும்பி வந்தது. கிருஷ்ணராசா ஒழுங்கான மனுசன். என்ன செய்தேன் என்று ஒரு துண்டில் எழுதி மூடியில் ஒட்டியிருந்தார். சனிக்கிழமை பதினொன்று நாற்பதுக்குத் தொடங்கியது. முதல் சோதனையில் பழுதானவை அகப்பட்டன, சிலதைத் திருத்த முடியவில்லை. இன்டர்நெட்டிலிருந்து நல்ல பிரதிகள் இறக்கப்பட்டன. மறுபடியும் சோதனை. ஒன்று இருபத்தைந்துக்கு எல்லாம் சரி. சொந்த ஆவணம் ஒன்றும் தொடப்படவில்லை. தவநாயகி லப்டொப்பைத் திறந்தாள். அது முன்னையைவிடச் சுறுக்காக எழும்பியது. புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது என்று சுசிலா சொன்னாள். தவநாயகியும் அதைத் திறந்து பார்க்காமல் விட்டுவிட்டாள்.

அந்தியேட்டிக்கு மூன்று நாள் இருக்கையில் பெட்டிகள் வந்து இறங்கின. இருநூறு புத்தகம். அவள் மேலே இருந்த ஒன்றை எடுத்து அட்டைப்படத்தைத் தடவினாள். ஏழாம் பக்கத்தைத் திறந்தாள். தவநாயகியின் அன்புக் கணவரும், கீர்த்தனன், சாருஜா ஆகியோரின் பாசமிகு தந்தையும் என்று இருந்தது. அடுத்த வரியில் அவருடைய சகோதரர்கள் வந்துவிட்டார்கள்.

மாமனாரைக் காணவில்லை. அம்மப்பாவைக் காணவில்லை. நாலு வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்திருக்கிற சாருஜா அந்தப் பக்கத்தில் கலியாணம் கட்டாத குமராக நின்றாள்.

இன்னொரு புத்தகத்தைத் திறந்தாள். இன்னொன்று. அடியிலிருந்தும் ஒன்றை இழுத்துப் பார்த்தாள். பிறகு சுசிலாவுக்குப் போன் எடுத்தாள்.

"என்னடி இது? மருமகனையும் பேத்தியையும் காணேல்லை!"

"அப்பிடியோ அக்கா? நான் பார்க்கேக்கை எல்லாம் சரியாத்தான் கிடந்தது. பைல் பழுதாப் போனதெல்லே, அதோடை அந்த வரியும் போயிருக்கும்."

தவநாயகி அதை நம்பினாள். தங்கச்சி சொன்னால் நம்பாமல்? நம்பின வாயோடுதான் மகளுக்கும் எடுத்தாள்.

"பிள்ளை, ஒரு பிழை நடந்து போச்சு. கம்பியூட்டர் பழுதானதிலை மருமகன்ரை பெயரும் மேனுஷாவின்ரை பெயரும் அழிஞ்சு போச்சு."

"அம்மா, கம்பியூட்டர் ஆள் பார்த்துத் தின்னாது." சாருஜாவின் குரல் தட்டையாக இருந்தது. "உங்களுக்கு ஏலாட்டி ஏலாது எண்டு சொல்லியிருக்கலாம். ஏன் எனக்கு வாசிச்சுக் காட்டினீங்கள்?"

"ஐயோ, நான் எடுக்கேல்லையடி!"

"சரி அம்மா. நாங்கள் அண்டைக்கு வரேல்லை. வந்து அவர் என்னெண்டு நிக்கிறது?"

போன் வைக்கப்பட்டது. தவநாயகி பெட்டிகளுக்கு நடுவில் நிலத்தில் இருந்தாள். இருந்த ஒரு மகளும் தாயைப் பொய்க்காரி என்று நினைத்துவிட்டாள். மகள் சொன்ன சொல் மட்டும் காதுக்குள் நின்றது. ஆள் பார்த்துத் தின்னாது. உண்மைதானே? தேவாரத்தில் ஒரு எழுத்துப் போகவில்லை. சகோதரர் பெயரில் ஒன்றுக்கும் குறைவில்லை.

எழும்பி லப்டொப்பைத் திறந்தாள். அந்தப் பைலின் பெயருக்குப் பக்கத்தில், கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று இருந்தது. சனிக்கிழமை, பின்னேரம் ஐந்து நாற்பது. மூடியில் ஒட்டியிருந்த துண்டைப் பார்த்தாள். ஒன்று இருபத்தைந்து. கிருஷ்ணராசாவுக்கு எடுத்தாள்.

"தம்பி, அண்டைக்கு ஒண்டரைக்குப் பிறகும் லப்டொப்பிலை வேலை செய்தனீங்களோ?"

"இல்லை மச்சாள். முடிச்சு மூடி வைச்சிட்டு மூண்டு மணிக்கு பட்மின்ரன் விளையாடப் போனனான். வரேக்கை ஏழு மணி. ஏன், திரும்பவும் மக்கர் பண்ணுதோ?"

"ஐஞ்சு நாப்பதுக்கு என்ரை புத்தகத்தை ஆரோ திறந்து மாத்தியிருக்கினம். மருமகன்ரை பெயர் இல்லை. பழுதானதோடை போயிருக்குமோ?"

"அப்பிடிப் போறதுக்கு வழியே இல்லை மச்சாள். அது விண்டோசின்ரை பைல், இது உங்கடை பைல். பழுதாகியிருந்தால் முழுப் புத்தகமும் திறபடாது. ஒரு வரியை மட்டும் வெட்டி எடுக்கிறதெண்டால் அதுக்கு ஒரு ஆள் வேணும். அந்த நேரம் நான் வீட்டிலை இல்லை. வீட்டிலை இருந்ததெண்டால்…"

அவர் அதோடு நிறுத்திவிட்டார்.

"நான் அவளை அனுப்பிவிடுறன்," என்றார் கடைசியில்.

சுசிலா ஒன்றரை மணித்தியாலத்தில் வந்துவிட்டாள். சப்பாத்தைக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே அழத் தொடங்கினாள்.

"அக்கா, லக்‌ஷிகாவுக்குக் கலியாணம் பேசுற இடம் உங்களுக்குத் தெரியும்தானே? அந்த மாப்பிள்ளையின்ரை தாய்மனுசி அந்தியேட்டிக்கு வருவா. புத்தகத்தை வாங்கினால் முதல் அந்தப் பக்கத்தைத்தான் பார்ப்பா. பிரியந்தன் ஆர் ஆக்கள் எண்டு விசாரிப்பா. என்ரை மகளுக்கு இருபத்தொன்பது வயது அக்கா."

"பெயர் விடுபடாமல் பார் எண்டுதானேடி உன்னட்டைத் தந்தனான்?"

"ஒரு புத்தகம்தானே. சாருஜா படிச்ச பிள்ளை, விளங்கிக்கொள்ளும்."

"அவள் நான்தான் எடுத்தனான் எண்டு விளங்கிக்கொண்டாள்." தவநாயகி கதிரையை விட்டு அசையவில்லை. "இவ்வளவு நாளும் நீ வந்து வந்து எனக்குக் கஞ்சி காய்ச்சித் தந்தாய். அதைக் குடிச்சுக்கொண்டு உன்னை நம்பிக்கொண்டிருந்தனான். நான் கேட்டவுடனை உள்ளதைச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. கம்பியூட்டரிலை பழியைப் போட்டாய். அந்தப் பழியை என்ரை வாயாலை என்ரை பிள்ளைக்குச் சொல்ல வைச்சாய்."

"இப்ப என்ன செய்யச் சொல்லுறியள்?"

"என்ரை பிள்ளைக்குப் போன் எடு. எடுத்து நீ செய்ததைச் சொல்லு. என்ரை முன்னாலை."

சுசிலா சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை தவநாயகி அவளுடைய முகத்தைப் பார்த்தபடியே இருந்தாள்.

அன்று பின்னேரமே சாருஜாவும் பிரியந்தனும் வந்தார்கள். ஏழாம் பக்கம் திருத்தி அடிக்கப்பட்டது. பிரியந்தன் பிரின்ரருக்குப் பக்கத்தில் நின்று தாள் தாளாக வெட்டித் தந்தான். தாயும் மகளும் பழைய பக்கத்துக்கு மேல் பசை பூசி ஒட்டினார்கள். இருநூறு. சுசிலா கதவோரம் நின்று, "நானும் ஒட்டுறன் அக்கா," என்றாள்.

"வேண்டாம். நீ கைவைச்சது காணும்."

மைத்துனிமார் வரியில் சுசிலாவின் பெயர் இருந்தது. அதை எடுத்துவிடட்டோ என்று சாருஜா கேட்டாள். தவநாயகி வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அந்தியேட்டி அன்று மண்டபத்தில் சாப்பாடு முடிந்து புத்தகம் கொடுத்தபோது, லக்‌ஷிகாவுக்குப் பேசுகிற மாப்பிள்ளையின் தாய் ஏழாம் பக்கத்தை விரலால் தட்டிப் பார்த்தாள். மேடு தட்டுப்பட்டது.

"இதென்ன, மேலை ஒட்டியிருக்கு?"

பக்கத்தில் நின்ற சுசிலா பாயாசத் தட்டை மேசையில் வைத்தாள். தவநாயகிக்கு ஒரு சொல் போதும், தங்கச்சி செய்ததைச் சபைக்கு நடுவில் போட்டு உடைக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"பெயர் ரண்டு விடுபட்டுப் போச்சு," என்றாள். "தம்பி பிரியந்தன், இஞ்சை வாங்கோ. இவர்தான் என்ரை மருமகன். அவருக்குக் கடைசியாச் சவரம் எடுத்துவிட்டது இந்தப் பிள்ளைதான்."

அந்தத் தாய் பிரியந்தனை மேலும் கீழும் பார்த்தாள். புத்தகத்தைக் கைப்பைக்குள் வைத்தாள். அவள் மனதில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

மண்டபம் கூட்டும்போது சுசிலா பின்னால் வந்தாள்.

"அக்கா… அந்த மனுசியிட்டை நீங்கள் சொல்லாமல் விட்டது…"

"உனக்காக விடேல்லை. லக்‌ஷிகா என்ன செய்தவள், பாவம்." தவநாயகி திரும்பவில்லை. "நீ உன்ரை வீட்டை போ சுசிலா. ஒவ்வொரு நாளும் எடுக்கிறமாதிரி நாளைக்குக் காலமை எனக்குப் போன் எடுக்க வேண்டாம்."

"எப்ப எடுக்கிறது?"

தவநாயகி மிஞ்சிய புத்தகங்களை ஒரு பைக்குள் போட்டு, மகளின் காரை நோக்கி நடந்தாள்.