தேரை மேல் விழுந்த பழி

அந்த மழைக்காலம் முழுவதும் நான் யாரையும் நம்பவில்லை. அம்மாவை நம்பவில்லை, அவள் கைக்கெட்டும் தூரத்தில் உப்புச் சாடி இருந்தது. மாட்டுங்காவிலிருந்து ஞாயிறுதோறும் வரும் மாமாவை நம்பவில்லை. அவர் சட்டையில் செத்த தவளைகளின் வாசனை இருந்தது. எனக்கு ஒன்பது வயது. என்னிடம் ஒரு தேரை இருந்தது. அதற்கு உடம்பு சரியில்லை.

தாராவியில் எங்கள் வீட்டுக்குள் மழையும் சாக்கடையும் கைகோத்துக்கொண்டு நுழைந்த ஒரு காலையில் அதுவும் கூடவே நுழைந்தது. வெள்ளம் வடிந்தது. சாக்கடை தன் இடத்துக்குத் திரும்பியது. தேரை திரும்பவில்லை. அரிசிப் பானைக்குப் பின்னால், ஊரிலிருந்து வந்த சொந்தக்காரரைப்போல் உட்கார்ந்துவிட்டது. பின்னங்காலில் ஒரு விரல் குறை. அதைப் பார்த்து முதலில் சிரித்தவர் அப்பா. அவருக்குத் தோல் கம்பெனியில் வேலை. தோலை ஊறப்போடும் தொட்டிகளில் நாள் முழுக்கக் கை. அங்கே தோல் பதனிடும் மருந்துப்பொடி வந்த ஒரு தகர டப்பாவைப் பாதியாக வெட்டி மறுநாள் கொண்டுவந்தார்.

"இந்தா, ஒம் மவராசனுக்கு அரமனை."

டப்பாவின் உட்புறம் லேசாகப் பச்சை படிந்திருந்தது. எனக்கு அது குளத்துப் பாசியின் பச்சையாகத் தெரிந்தது. தண்ணீர் ஊற்றித் தேரையை அதில் குடிவைத்தேன்.

தேரை தோலுரிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வேர்வையில் ஒட்டிய பனியனைத் தலைவழியாகக் கழற்றுகிற மனிதனைப்போல் நெளியும், குனியும், கண்ணை இறுக்கி மூடும். பிறகு மொத்தத் தோலையும் வாய்க்குள் இழுத்து விழுங்கிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் உட்கார்ந்திருக்கும். முதல் தடவை பார்த்தபோது கை தட்டினேன். மூன்றாவது வாரம் தோல் ஒரே துண்டாக வரவில்லை. ஈரக் காகிதம்போல் கந்தல் கந்தலாய் முதுகில் தொங்கியது. அதை விழுங்கவும் அதற்கு மனமில்லை. வயிற்றில் சிவப்புத் திட்டுகள். மூக்குக்கு நேரே விட்ட கரப்பான், அதன் தலைமேல் ஏறி, நின்று, இறங்கிப் போனது.

அதே வாரம்தான் அப்பாவின் விரல்களை அம்மா கவனித்தாள். ஆணியால் குத்தியதுபோல் வட்ட வட்டமாகச் சின்னக் குழிகள். வலியே இல்லை என்றார் அப்பா. வேலை விட்டு வந்ததும் அவர் முதலில் தேரையைத் தூக்கி முதுகைத் தடவுவார். அம்மா விரலைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், தீர்ப்பு முடிந்துவிட்டது.

"தேரைத் தோலு வெசம்லா! தொட்ட கை உருப்படுமா? ஏட்டி, ஞாயித்துக்கிழமைக்குள்ள அதக் கொண்டு தொலைச்சிட்டு வா. இல்லேன்னா ஒரு கை உப்ப அள்ளிப் போட்டுருவேன், பாத்துக்க."

உப்புச் சாடியின் வெளியே கரித்துண்டால் ஒரு கோடு போட்டுவைத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் கோட்டைப் பார்ப்பேன். உப்பு தினமும் குறைந்தது. குழம்புக்கும் ரசத்துக்கும் குறைகிறது என்று எனக்குத் தோன்றவேயில்லை. டப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அடுத்த வீட்டு அக்கா குழாயடிக்குப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்துக் கேட்பாள்: "ஏ தேரைக்காரி, ஒம் மாப்ளைக்கு இன்னைக்குச் சொகந்தானா?"

மாமா, அம்மாவின் தம்பி, மாட்டுங்காவில் ஒரு காலேஜில் லேப் பியூன். பிள்ளைகள் அறுத்துப் படிப்பதற்குத் தவளைகளை வாங்கிவந்து, அந்த நாள்வரை அவற்றைச் சாகாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. எனக்குத் தெரிந்து பம்பாயிலேயே தேரைக்கும் தவளைக்கும் வைத்தியம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். குணமானவற்றை அவர் என்ன செய்தார் என்பதும் எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர் இரண்டு கையையும் நனைத்துக்கொண்டு தேரையைத் தூக்கினார். தரையில் மல்லாத்தினார்.

"நல்ல தேரைன்னா படக்குன்னு பெரளணும். இது யோசிக்கி. வயிறப் பாரு, எப்படிச் செவந்து கெடக்கு."

தகர டப்பாவை முகர்ந்தார். பச்சையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு எழுந்து, "அத்தான், கையக் காட்டுங்க" என்றார்.

"தேரையப் பாக்க வந்தீரா மாப்ள, என்னையப் பாக்க வந்தீரா?"

தேரையைத் திருப்பியதுபோலவே மாமா அப்பாவின் கையையும் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே சீக்குதான்."

அம்மாவுக்கு அது போதும். "நான் சொன்னேன்லா! அதுட்டேருந்துதான் ஒட்டிருக்கு!"

"யக்கா, நீ தலைகீழாச் சொல்லுத. தேரை வாயால தண்ணி குடிக்காது, வயித்துத் தோலாலதான் உறிஞ்சும். அதப் போயி மருந்து டப்பாவுல உக்கார வச்சிருக்கிய."

"போ லே, நீ ரொம்பக் கண்ட."

"சரி, நான் ரெண்டு வாரம் கொண்டுபோறேன். இது இல்லாம அத்தான் கை ஆறிச்சுன்னா நீ சொல்லுததுதான் சரி, திருப்பிக் கொண்டார மாட்டேன். ஆறலேன்னா காலிபீலி, சும்மா அது மேல பழி போடாத."

திருப்பிக் கொண்டுவராவிட்டால் அது எங்கே போகும்? மேசை, ஊசி, கத்தி. நான் மாமாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். "அறுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

"சத்தியம் பண்ணப்பிடாது பிள்ள. வேதத்துல சொல்லிருக்கு."

நியாயமான பதில்தான். அதனால்தான் சந்தேகம் இரண்டு மடங்கானது. ஈரச் சாக்கில் சுற்றித் தேரையைத் தூக்கிக்கொண்டு அவர் போனார்.

அன்று முதல் நான் தேரையை விட்டுவிட்டு அப்பாவைக் காவல் காத்தேன். அவர் வந்ததும் வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப்போய் விரல் விரலாகப் பார்ப்பேன். அவருக்கோ பெருமை தாங்கவில்லை. "பாத்தியளா, எம் மவளுக்கு எம் மேல எம்புட்டு அக்கறை!" என்று அடுத்த வீட்டு அக்காவிடம் சொல்லிக்கொண்டார். ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, சுண்டுவிரல் குழி ஒன்று ஓரத்தில் மூடத் தொடங்கியிருந்தது. பிடித்திருந்த கையைச் சட்டென்று விட்டுவிட்டேன். சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடியபின், உதடு அசையாமல் கேட்டேன்: ஆண்டவரே, அப்பா கை ஆறக் கூடாது.

தினமும் கேட்டேன்.

இரண்டாம் ஞாயிறு மாமா ஒரு மண்சட்டியோடு வந்தார். சட்டிக்குள் பாதி இடத்தில் செங்கல் துண்டு, மீதியில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர், செங்கல்மேல் தேரை. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைக் காலையும் மாலையும் மாற்றினாராம், அவ்வளவுதான் வைத்தியம். அதன் முதுகு நனைந்த களிமண்ணைப்போல் முழுசாக, புதுசாக இருந்தது. வயிற்றில் சிவப்பு இல்லை.

இது அதுதானா? மாமா வேறு தேரையைக் கொண்டுவந்திருந்தால்? பின்னங்காலைப் பார்த்தேன், ஒரு விரல் குறை. ஆனால் அவரிடம்தான் கத்தி இருக்கிறதே, விரலையும் குறைத்திருக்கலாமே. கீழே விட்டேன். அது நாலு தத்துத் தத்தி, அரிசிப் பானைக்குப் பின்னால் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது. அப்போதுதான் மாமாவை நம்பினேன்.

"இப்ப அத்தான் கையப் பாப்போம்," என்றார் மாமா.

அப்பா நீட்டினார். மூடத் தொடங்கியிருந்த குழி மறுபடி திறந்திருந்தது. பக்கத்து விரலில் புதிதாக ஒன்று.

"ஆறல!" நான் கை தட்டிக் குதித்தேன். "எம்மா, பாத்தியா? ஆறவேயில்ல! தேரை ஒண்ணுஞ் செய்யல!"

அம்மா குனிந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தகர டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். குப்பைமேட்டில் அது விழுந்த சத்தம் கேட்டது. மாமா தாழ்ந்த குரலில் பேசினார்.

"அத்தான், விக்ரோலில தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இருக்காரு. வேற வேலைக்குக் கேட்டுப் பாக்கட்டா?"

"பாக்கலாம் மாப்ள, பாக்கலாம். மொதல்ல தேரையப் பாரும், எப்படி முழிக்கி!"

எனக்குக் கோபமாக வந்தது. என் தேரை பிழைத்து வந்திருக்கிறது, பழி தீர்ந்திருக்கிறது, இவர்கள் விக்ரோலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்றைய குடும்ப ஜெபத்தில் என் முறை. "நான் கேட்டதை அப்படியே தந்தீரே ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம்" என்று சத்தமாகச் சொன்னேன். அப்பா, மறுநாள் வேலைக்காகத் துணி சுற்றிய விரல்களைக் கூப்பிக்கொண்டு, எல்லோரையும்விட உரக்க ஆமென் சொன்னார். நான் என்ன கேட்டேன் என்று அவருக்குத் தெரியாது.

எனக்கும் தெரியாது.