சளி என்றால் குளிர்

வடக்கே எங்கேயோ பிளேக் என்று ரேடியோவில் சொன்ன வருஷம், ஓசூரில் கோழிக்கறி பதப்படுத்தும் ஒரு தொழிற்சாலையில் நான் வேலை பார்த்தேன். உரித்த கோழியைத் துண்டு போட்டுப் பையில் அடைக்கும் குளிர் அறை. விரல் மரத்துப் போகும். போட்டுக்கொள்ள மெல்லிய கோட்டு ஒன்றுதான் தந்திருந்தார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் தனியாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு வார்த்தை பேசாமலே போய்விடும். கூட வேலை செய்த பெண்கள்தான் எனக்கு ஊரும் உறவும். மதியம் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி டப்பாவில் ஒருத்தி கைவைத்துச் சாப்பிடுவோம். அந்தச் சாப்பாட்டு நேரத்துக்காகவே வேலைக்குப் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

அப்போதுதான் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் சோதனைக்கு வந்தார். நோய் பயத்தில் எங்கும் கெடுபிடி. மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றவர், "இங்க உங்களுக்கு என்னம்மா கஷ்டம்? பயப்படாம சொல்லுங்க" என்றார். மற்றவர்கள் குனிந்து கறியைப் பையில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"சளி சார். ரொம்ப சளி. தாங்க முடியல" என்றேன்.

எங்கள் வீட்டில் தெலுங்கு. படித்தது கன்னடப் பள்ளியில். இரண்டிலும் அந்தச் சொல்லுக்குக் குளிர் என்றுதான் அர்த்தம். தமிழில் அது நெஞ்சில் கட்டுகிற சளி என்பது அந்த அவசரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. மனிதர் சட்டென்று பின்னால் போனார். "மத்தவங்களுக்கும் சளி இருக்கா?" என்று கேட்டார். அவர்கள் தருமபுரி, சேலம் பக்கத்துப் பெண்கள். "எங்களுக்கு இல்ல சார்" என்று ஒரே குரலில் சொன்னார்கள். பாழாய்ப்போன இருமல் அந்த நேரம் பார்த்து எனக்கு வந்து தொலைந்தது.

அதற்குப் பிறகு நான் கத்தியது யார் காதில் விழுந்தது? கம்பெனி ஜீப்பில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரர்களுக்கென்று ஒதுக்கிய வார்டில் கொண்டுபோய்ப் போட்டார்கள். பார்க்க ஒரு ஈ காக்கை வரவில்லை. கடைசியில் டாக்டர், "குளிருதுன்னு ஆஸ்பத்திரிக்கு வந்த மொத ஆளு நீதாம்மா" என்று சிரித்து அனுப்பினார்.

நான் திரும்புவதற்குள் வார்த்தைக் குழப்பம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே டப்பாவோடு உட்காரப் போனேன். யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. என்னிடம் ரொம்பவும் ஒட்டுதலாக இருந்த மத்தூர் அக்கா எழுந்து வந்து எட்ட நின்றாள்.

"தப்பா நெனைக்காத புள்ள. உனக்கு ஒண்ணுமில்லன்னு தெரியும். ஆனா அந்த வார்டுல படுத்துட்டு வந்திருக்கற. வூட்ல கொழந்தைங்க இருக்குது."

அவள் சொன்னதில் என்ன தப்பு? அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். மனசாரத் திட்டுவதற்குக்கூட ஒரு ஆள் இல்லாமல் போனதுதான் எனக்கு ஆத்திரம்.

இன்ஸ்பெக்டர் காதுக்கும் விஷயம் போயிருக்க வேண்டும். அந்த மாதமே எல்லோருக்கும் கம்பளி ஸ்வெட்டர் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் அதைப் போட்டுப் பார்த்து ஒருத்தியை ஒருத்தி கிள்ளி விளையாடினார்கள்.

"எல்லாம் உன்னாலதான்டி!" என்று மத்தூர் அக்கா அந்தக் கோடியிலிருந்து கத்தினாள்.

இந்தக் கோடியில் நான் புது ஸ்வெட்டரின் கையைச் சுருட்டிவிட்டுத் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாயில் சோறு இருந்ததால்தான் பதில் சொல்லவில்லை என்று அவள் நினைத்திருப்பாள்.