பச்சை நட்சத்திரம் ஒட்டிய பெட்டி

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை பத்தரை மணிக்கு எங்கள் சாப்பாட்டு மேசையில் இருக்கக்கூடாத ஒரு பெட்டி இருந்தது. பச்சை நட்சத்திரம் ஒட்டிய பெட்டி. அது அந்நேரம் சிதம்பரத்தில் இருந்திருக்க வேண்டும். மயிலாடுதுறை ஆபீசுக்குப் போகிற வழியில் அதை அங்கே கொடுக்க, என் கணவர் ஏழரைக்கே கடலூரில் பஸ் ஏறிவிட்டார். போகும்போது கையில் ஒரு பெட்டி இருந்ததை நானே பார்த்தேன். வழக்கமான கேக் இருக்கும் சிவப்பு நட்சத்திரப் பெட்டிகளை எண்ணினேன். ஐந்தில் ஒன்று குறைந்தது.

எங்கள் வீட்டு கேக், ரம்மில் ஊறிய பழத்தில் செய்வது. அக்டோபரிலேயே திராட்சை, செர்ரி, ஆரஞ்சுத் தோல் எல்லாவற்றையும் பீங்கான் ஜாடியில் போட்டு, புதுச்சேரி போய்வருகிறவர்கள் யாராவது கொண்டுவரும் ரம்மை ஊற்றி மூடிவிடுவேன். டிசம்பரில் ஜாடியைத் திறந்தால் வாசல்வரை மணக்கும். பெட்டி செய்வது கணவரின் வேலை. அட்டையை மடித்து ஒட்டி, வண்ணத்தாளில் நட்சத்திரம் வெட்டுவார். ஒரு முனை கோணினால்கூடத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வெட்டுகிற மனிதர்.

பச்சை நட்சத்திரப் பெட்டியில் இருந்தது வேறு கேக். நான் சிதம்பரத்தில் வேலை பார்த்தபோது பக்கத்து மேசையில் இருந்த அக்காவுக்கானது. லால்பேட்டையில் வாக்கப்பட்ட முஸ்லிம் அக்கா. நான் கடலூருக்கு மாற்றலாகி வந்த பிறகும் பெருநாளுக்கு அவர் வீட்டு பிரியாணி இங்கே வரும், கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டு அச்சு முறுக்கு அங்கே போகும். கேக் மட்டும் நான் கொடுத்ததில்லை. அதில் ரம் உண்டு என்று அவருக்கும் தெரியும், கேட்டதும் இல்லை.

இந்த வருஷம் நோன்புப் பெருநாள் எங்கள் தவக்காலத்தில் வந்துவிட்டது. அந்த நாற்பது நாளும் நாங்கள் கறி தொடமாட்டோம். அக்கா அதை ஞாபகம் வைத்திருந்து, எங்களுக்கென்று கறி போடாத பிரியாணி செய்து அனுப்பினார். "கறி ஆக்குன சட்டியில ஆக்கல. கரண்டிகூட வேற. பயப்படாம சாப்புடுங்க" என்று போனில் சொன்னார். அந்தக் கரண்டியை என்னால் மறக்க முடியவில்லை. அதனால்தான் இந்த முறை பழத்தை ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்தேன். புது டின், புதுக் கரண்டி வாங்கி, ரம் ஜாடியைத் திறப்பதற்கு முந்தின நாளே அந்த ஒரு கேக்கைச் சுட்டு எடுத்தேன். கடைப் பாக்கெட்டில் சைவத்துக்குப் பச்சைப் புள்ளி போடுகிறார்களே, அந்த யோசனையில்தான் அதற்கு மட்டும் பச்சை நட்சத்திரம் கேட்டேன்.

"ஒரு சொட்டு இருக்காதுக்கா. என்ன நம்பி சாப்புடலாம்" என்று முன்கூட்டியே அக்காவிடம் சொல்லியும் வைத்தேன். அவருடைய மாமியார் லால்பேட்டையிலிருந்து சிதம்பரத்துக்கு வந்து அவரோடு தங்கியிருந்தார். "மாமிகிட்டயும் சொல்லிட்டேன், நீ செஞ்சா சரியா இருக்கும்னு" என்றார் அக்கா.

கணவருக்குப் போன் போட்டேன். அவர் அதற்குள் மயிலாடுதுறை ஆபீசுக்கே போய்விட்டிருந்தார். பச்சைப் பெட்டியை ஏன் விட்டுவிட்டுப் போனீர்கள் என்று கேட்டேன்.

"முஸ்லிம்னா பச்சதானான்னு அவுங்க நெனச்சிட்டா அசிங்கமில்ல? அதான் செவப்புல நல்லதா ஒண்ணு பாத்து குடுத்தேன்."

"அதுல ரம் இருக்கு."

"சுட்டதுல எல்லாம் ஆவியாப் போயிருக்கும். விடு, தெரியவா போவுது" என்றார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான்கு வார்த்தை கேட்டுவிட்டு வைத்தேன். அக்காவை மூன்று முறை கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அவருடையது பழைய பட்டன் போன், மெசேஜ் போட்டாலும் பார்க்கமாட்டார். பச்சைப் பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

ஆலப்பாக்கம் வரும்வரை கணவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். அதற்கு மேல் திட்ட முடியவில்லை. ரெண்டு கேக்கு எதுக்கு, ரெண்டு வேலை எதுக்கு என்று முணுமுணுப்பார் என்று அவர் இல்லாத நேரத்தில் சுட்டவள் நான். பச்சை எதற்கென்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கெட்ட எண்ணத்தில் அவர் மாற்றவும் இல்லை. அது புரிந்ததில் கோபம் இன்னும் ஜாஸ்தியானது, இந்த முறை என்மேல்.

புதுச்சத்திரம் தாண்டும்போது நல்ல பொய் ஒன்று கிடைத்துவிட்டது. அந்தக் கேக் உள்ளே சரியாக வேகவில்லை, மாற்ற வந்தேன் என்று சொல்லலாம். வெட்டியிருந்தால்? வாயே திறக்காமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் மாமியார் ஒரு துண்டு வாயில் போட்டிருப்பாரோ? வெள்ளாற்றுப் பாலம் வந்தும் எதைச் சொல்வதென்று எனக்கு முடிவாகவில்லை.

கதவைத் திறந்த அக்கா சிரிக்கவில்லை. வா என்றும் சொல்லவில்லை. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. வேகவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அக்கா, காலையில வந்த பொட்டில ரம் இருக்கு. அது ஒங்களுது இல்ல. ஒங்களுது இதான்."

அக்கா என் முகத்தையே பார்த்தார். "தெரியும். மூடிய தொறந்ததுமே வாசம் வந்துச்சு."

"யாராச்சும் சாப்ட்டீங்களா?"

"இல்ல. கட்டி பரண்மேல வச்சிட்டேன்."

"போனையாச்சும் எடுத்திருக்கலாம்லக்கா."

"எடுத்து என்னான்னு கேக்கறது? தெரிஞ்சே குடுத்தியான்னா? கேட்டுட்டா அப்பறம் நாம பழையபடி இருக்க முடியுமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வாசற்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பச்சைப் புள்ளி, நட்சத்திரம், கணவரின் அதிகப்பிரசங்கித்தனம், அவரிடம் நான் மறைத்தது எல்லாம்.

உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது. "யாரும்மா வந்துருக்கறது?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் கையிலிருந்த பச்சை நட்சத்திரப் பெட்டியை வாங்கினார்.

"காலையிலேந்து கேட்டுக்கிட்டே இருந்தீங்களே மாமி, கடலூர் கேக்கு. இப்பதான் வந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

நான் செருப்பைக் கழற்ற மறந்து அங்கேயே நின்றேன். என்னை நம்பலாமா கூடாதா என்று தெரியாத அத்தனை நேரமும், அக்கா அந்த வீட்டில் கேக் இன்னும் வரவில்லை என்றுதான் சொல்லி வைத்திருந்திருக்கிறார்.