இடது பொத்தான்

போன வாரம் மருமகள் சென்னையிலிருந்து வரும்போது ஒரு பிஸ்கட் டப்பா வாங்கி வந்தாள். வட்ட டப்பா, பூப்போட்ட தகர மூடி. எவ்வளவு இழுத்தும் மூடி அசையவில்லை. "மாமா, நீங்க ஒரு கை பாருங்க" என்று என்னிடம் கொடுத்தாள். இந்த வீட்டில் எனக்கென்று மிச்சமிருக்கும் மரியாதை அது ஒன்றுதான். திறக்காத மூடியெல்லாம் என் கைக்கு வந்துவிடும். வாங்கியவன் திறக்காமல் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினேன். பிசிறே இல்லை. ஓரம் ஒரே சீராக உள்பக்கம் சுருண்டிருந்தது. அதை அடித்த அச்சை நினைத்து "நல்ல டை" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "பிஸ்கட் குடுத்தா மூடியப் பாக்குறாரு" என்று மருமகள் சிரித்தாள்.

மூக்கருகே கொண்டுபோனேன். வெண்ணெய் வாசனைதான் வந்தது. நான் தேடியது வேறு. வெட்டிய தகரத்துக்கு ஒரு வாசனை உண்டு. கொஞ்சம் மண்ணெண்ணெய், கொஞ்சம் இயந்திர எண்ணெய், அடியில் நாக்கில் பட்டது மாதிரி ஒரு புளிப்பு. இருபத்திரண்டாவது வயதில் அந்த வாசனையோடுதான் தினமும் வீட்டுக்கு வருவேன். அம்மா என் சட்டையை மட்டும் தனி வாளியில் ஊறவைப்பாள்.

அப்போது ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டர் நான். திண்டுக்கல்லில் பழனி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான ஒரு ஷெட். உள்ளே ஐந்து பவர் பிரஸ். நெய் டப்பாவுக்கும் பெருங்காய டப்பாவுக்கும் மூடி அடிப்போம். அடிப்பது என்றால் சுத்தியலால் இல்லை. தகட்டை முதல் பிரஸ் வட்ட வட்டமாக வெட்டிப் போடும். அந்த வில்லையை அடுத்த பிரஸ்ஸில், டை என்கிற எஃகுப் பள்ளத்தின் மேல் வைக்க வேண்டும். மேலேயிருந்து பஞ்ச் இறங்கி ஒரே அழுத்தாக அழுத்தினால் வில்லைக்குக் கழுத்து வந்துவிடும். தட்டையாகப் போனது மூடியாக எழுந்து வரும். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, சினிமா பார்த்தவன் மாதிரி வீட்டில் நடித்துக் காட்டினேன். யாரும் அசரவில்லை.

வட்டங்களை வெட்டியெடுத்த பிறகு மிஞ்சும் ஓட்டைத் தகட்டுக்கு அம்புட்டு கிராக்கி. சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த பெண்கள் அதைச் சுருட்டிக் கட்டி டவுன் பஸ்ஸில் ஏற்றுவார்கள். கண்டக்டர் சண்டை போடுவார். பிறகு அவரே, "எங்க வீட்டுக் கோழிக்கூட்டுக்கும் ரெண்டு கொண்டாங்க" என்பார். அந்தப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் வேலிகளில் எங்கள் ஷெட்டின் ஓட்டைகள் வெயிலில் மின்னிக்கொண்டிருக்கும். எனக்குப் பெருமையாக இருக்கும். கோழி அடைக்கிற வேலியைப் பார்த்துப் பெருமைப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

பிரஸ் ஓட்டியவர்கள் எல்லாரும் பெண்கள். டை மாட்டுவது, பழுது பார்ப்பது என் வேலை. மூன்றாம் நம்பர் பிரஸ் ரெஜினா அக்காவுடையது. என்னைவிட நான்கு வயது மூத்தவர். திண்டுக்கல்லிலேயே வீடு, அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர். காலையில் மூடி அடித்துவிட்டுச் சாயங்காலம் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போவார். லோயர் பாஸாகி, ஹையர் எழுதக் காத்திருந்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலைக்குச் சொல்லியும் வைத்திருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் தூக்குச்சட்டி மூடியின் மேல் விரல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். "என்னக்கா அடிக்கிறீங்க?" என்றால், "ஒன் பேரத்தான் தம்பி. ஒன்னய வேலைய விட்டுத் தூக்கியாச்சுன்னு மொதலாளிக்கு லெட்டர்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நான் அவருடைய வெஞ்சனத்தில் பாதியைத் தின்றுகொண்டிருப்பேன்.

இப்போது அந்தப் பிரஸ்ஸைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதில் இரண்டு பொத்தான்கள். இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பஞ்ச் இறங்கும். காரணம் எளிமையானது. இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் எந்தக் கையும் டைக்குள் இருக்க முடியாது. அதைச் செய்த எவனோ ஒருவன் மனித விரல்களைப் பற்றி நன்றாக யோசித்திருக்கிறான்.

தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது நெய் டப்பா ஆர்டர் குவிந்தது. சூப்பர்வைசர் தங்கவேல் என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே ஐ.டி.ஐ., அந்த எடது பொத்தான அழுத்துன மேனிக்கே நிக்கிற மாதிரி பண்ணுலே."

"ஆபத்துண்ணே. கை உள்ள போயிரும்."

"ஒரு கை பொத்தான்ல, ஒரு கை மூடி எடுக்க. வேல ரெண்டு மடங்கு ஓடும்ல? தீவாளி வரைக்குந்தான் அப்பு. பெறகு எடுத்துரலாம்."

ஆபத்து என்று ஒரு முறை சொன்னேன். இரண்டாம் முறை சொல்லவில்லை. உடைந்த அரத்தின் மரப் பிடியிலிருந்து ஒரு துண்டு அறுத்து, பொத்தானுக்கும் அதைச் சுற்றியிருந்த வளையத்துக்கும் நடுவில் இறுக்கமாக உட்காரும்படி இழைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கட்டை அவ்வளவு கச்சிதமாக அமைந்தது. தட்டினாலும் விழாது. பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தால்தான் தெரியும். நானே இரண்டு முறை தள்ளி நின்று ரசித்தேன்.

மறுநாள் காலை ரெஜினா அக்கா அதைப் பார்த்தார். "என்ன தம்பி இது?"

"வேகமா ஓடும்க்கா. செத்த நேரம் பழகுனா சரியாப்போகும்."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மூடிகள் மலை மலையாகக் குவிந்தன. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி இருக்கும். டைக்குள் ஒரு மூடி சிக்கிக்கொண்டிருக்கிறது. அவர் இடது கையை விட்டு நெம்பியிருக்கிறார். வலது கை, மூன்று வாரப் பழக்கத்தில், தானாகப் போய்ப் பொத்தானை அழுத்திவிட்டது. நான் சாணைக்கல்லில் உளி தீட்டிக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்டது சத்தம் இல்லை. எப்போதும் 'டங்' என்று கேட்கும் இடத்தில், கேட்காமல் போன சத்தம். திரும்பிப் பார்த்தபோது அவர் நின்றுகொண்டிருந்தார். அழவில்லை. "தம்பி, கரண்ட நிப்பாட்டு" என்றார்.

மூன்று விரல்கள். சுண்டுவிரலும் கட்டைவிரலும் தப்பின.

பெண்கள் அவரை ஆட்டோவில் ஏற்றிப் போனார்கள். ஷெட்டில் நானும் தங்கவேலும். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கட்டைய எடுத்துரு" என்றார். எடுத்தேன். அவ்வளவு இறுக்கமாகச் செய்தவனல்லவா, ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்ப வேண்டியிருந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மூன்று நாள் கழித்து, தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி விசாரணைக்கு வந்தார். நிதானமான மனிதர். தானே ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கையால் அழுத்திப் பார்த்தார், பிரஸ் இறங்கவில்லை. இரு கையால் அழுத்தினார், இறங்கியது. என்னைக் கூப்பிட்டார்.

"எப்பவும் இப்படித்தான் வேலை செய்யுமா?"

"ஆமா சார்." இது தங்கவேல் சொல்லிக் கொடுத்தது.

"அப்ப அந்தப் பொண்ணோட கை எப்படி உள்ள போச்சு?"

இதை நாங்கள் யாரும் யோசித்து வைக்கவில்லை. தங்கவேல் கூரையைப் பார்த்தார். முதலாளி கர்ச்சீப்பை எடுத்தார். நான் சொன்னேன்: "எண்ணிக்கைக் கூலி சார். நெறைய அடிக்கணும்னு அவங்களே எதையாவது வச்சு முட்டுக் குடுத்திருப்பாங்க."

யாரும் சொல்லிக் கொடுக்காத வாக்கியம். என் சொந்தத் தயாரிப்பு. அந்தக் கட்டையைப் போலவே, அவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்தது.

அதிகாரி எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன். மற்ற பெண்களைக் கேட்டபோது, தாங்கள் பார்க்கவில்லை என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஆஸ்பத்திரியிலிருந்து கைக்கட்டோடு வந்திருந்த ரெஜினா அக்காவிடமும் கேட்டார். "ஒரு நா காலையில வந்தப்பவே கட்ட இருந்துச்சு சார். நான் வைக்கல" என்றார். "யாரு வச்சது?" என்று கேட்டதற்கு என்னை ஒரு நொடி பார்த்தார். "தெரியாது சார்" என்றார். அவருடைய அப்பா தோளிலிருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். தன் மகளை அவர் பார்த்த பார்வையை நான் கவனித்தேன். நான் சொன்னதை அவரும் நம்பிவிட்டார்.

தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடிந்தது.

ஒரு நாள் அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். அரை டஜன் சாத்துக்குடி வாங்கிக்கொண்டேன். கேட் வரைக்கும் போனேன். அங்கே நின்று, இப்போது பார்வையாளர் நேரமா என்று யாரிடமும் கேட்காமலே, நேரம் முடிந்திருக்கும் என்று முடிவு செய்துகொண்டு திரும்பினேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஆறையும் நானே உரித்துத் தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தன.

அந்தத் தீபாவளிக்கு மற்ற ஆண்களுக்கு ஒரு வேட்டி, எனக்கு இரண்டு.

ஒன்றரை வருடத்தில் அங்கிருந்து விலகி, வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராகச் சேர்ந்தேன். கல்யாணம், குழந்தைகள், இரவு பகல் ஷிப்ட் என்று வருடங்கள் ஓடின. மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு ஒரு சாயங்காலம் வேடசந்தூர் பஸ் ஸ்டாண்டில், ஏழெட்டு மில் பெண்களை வரிசையாக நிறுத்தி எண்ணிக்கொண்டிருந்த ஒரு அம்மாளைப் பார்த்தேன். இடது கையைச் சேலை முந்தானை மூடியிருந்தது. ஒளிய இடம் தேடினேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"தம்பிதானே? என்ன, தொந்தி போட்டுட்ட?"

வேறொரு மில்லின் ஹாஸ்டலில் வார்டனாக இருப்பதாகச் சொன்னார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் என்னவோ உளறினேன். மழை பெய்யவில்லை, வெயில் அதிகம் என்றெல்லாம். அவர் குறுக்கே பேசினார்.

"கட்டைய வச்சது நீதான்னு அன்னைக்கே தெரியும். அரத்துக் கைப்பிடி மரம், எண்ணெ ஏறுனது. ஒன்னய விட்டா அங்க யாருக்கு அப்படி இழைக்கத் தெரியும்?"

"ஏங்க்கா சொல்லல?"

"எனக்கு வேல போயிருச்சு. ஒனக்கும் எதுக்குப் போவணும்னு விட்டேன். நான்தான் வச்சேன்னு எம்மேலயே நீ பழி போடுவன்னு நெனைக்கல."

அவருடைய பெண்கள் பஸ்ஸில் ஏறத் தொடங்கியிருந்தார்கள். அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "எங்கப்பா சாகுற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு தம்பி. 'காசுக்கு ஆசப்பட்டுக் கைய விட்டியே மா'ன்னு. நான் என்ன சொல்லியும் நம்பல. கவர்மென்ட் காகிதத்துல இருக்குல்ல. ஒரு தடவ எழுதிக் குடுத்துரு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அந்தக் காகிதத்துல மட்டும் மாத்திரு."

"கண்டிப்பாக்கா" என்றேன். அவர் பஸ் ஏறிப் போனார்.

எழுதவில்லை. மகன் படிப்பு முடியட்டும், மகள் கல்யாணம் முடியட்டும், ரிட்டயர் ஆகட்டும். ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் கிடைத்தது. என்னிடம் காரணங்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. ரிட்டயர் ஆகி ஒரு வருடமும் போன பிறகு, போன வைகாசியில் ஒரு நாள் உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன். முதலில் அவரிடம் காட்டிவிட்டுப் போகலாம் என்று அந்த ஹாஸ்டலுக்குப் போனேன். கட்டடம் பூட்டிக் கிடந்தது. எதிர்ப்புறம் கடை வைத்திருந்தவர் சொன்னார்: "வார்டனம்மாவா? சக்கர நோய்ல போயிட்டாங்களே. ரெண்டு வருசம் ஆச்சு."

நேரே திண்டுக்கல்லுக்கு வந்தேன். ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போகும் வழியில், ஏன் என்று தெரியவில்லை, அந்தச் சந்துக்குள் போய்ப் பார்த்தேன். ஷெட் இருந்த இடத்தில் கார் கழுவிக்கொண்டிருந்தார்கள். தங்கவேலும் முதலாளியும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிறகு அந்த அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் என் மகன் வயதில் ஒருவர். மரியாதையாகத்தான் பேசினார். நான் எழுதியதை முழுவதும் படித்தார்.

"ஐயா, இம்புட்டு வருசத்துக்கு முந்துன ஃபைல் எதுவும் இப்ப இல்லைங்கய்யா. கழிச்சுக் கட்டி அனுப்பியாச்சு. எதுல இதச் சேக்குறது?"

"அப்ப, அவங்க மேல தப்புன்னு எழுதுனது?"

"அதுவும் இல்ல. எதுவுமே இல்லைங்கய்யா."

நான் நகராமல் நின்றேன். எனக்குப் பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர் காகிதத்தை மடித்து, பத்திரமாக என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"அந்தம்மா உங்களுக்கு என்ன வேணும்ங்கய்யா?"

"கூட வேல பாத்தவங்க" என்றேன்.

இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.