குச்சியை ஊன்றியவள்

ஓடைப்பட்டியில் திராட்சைப் பந்தலுக்குக் கல் ஊன்ற வேண்டுமென்றால் மலையம்மாளிடம்தான் கணக்குக் கேட்பார்கள். ஒரு கட்டத்துக்கு மூலைக்கொன்றாக நாலு கல். பக்கத்திலேயே அடுத்த கட்டம் என்றால் இன்னும் இரண்டு போதும். வரிசையாகப் பத்துக் கட்டமா, இருபத்திரண்டு. கொடி வெட்டும் கவாத்துக் கத்தரியைக் கீழே வைக்காமலே சொல்லிவிடுவாள்.

அப்படிப்பட்டவளைப் பத்தாம் வகுப்புக் கணக்கு இரண்டு தடவை கவிழ்த்திருந்தது. மற்ற பாடங்களைத் தனித்தேர்வராக எழுதித் தேறிவிட்டாள். சத்துணவு அமைப்பாளர் வேலைக்குப் பத்தாவது வேண்டும். நாற்பது வயதைத் தாண்டக்கூடாது. அடுத்த பரீட்சைக்குள் அவளுக்கு நாற்பது தாண்டிவிடும். இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான்.

பரீட்சை எழுதிவிட்டு பஸ்ஸிலிருந்து இறங்கியவள், நேரே பக்கத்து வீட்டு சுபாஸ்ரீயிடம் போனாள். கல்லூரியில் கணிதம் படிக்கும் அந்தப் பெண்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள்.

"சுபா, அஞ்சு மார்க்குக்கு நம்ம பந்தலையே கேட்டுட்டாக. வரிசையாக் கட்டம் போட்டு, விதி எழுதுன்னு. விடுவனா? நாலு, ஆறு, எட்டு. கட்டத்த ரெண்டால பெருக்கி ரெண்டக் கூட்டு. 2n + 2."

சுபாஸ்ரீ வினாத்தாளை வாங்கிப் பார்த்தாள்.

"சித்தி, தீக்குச்சி எத்தனைன்னுல கேட்டிருக்காக."

"ஆமா. மூலைக்கு ஒண்ணு."

"மூலையில தெரியுறது குச்சியோட தல. குச்சி படுத்துல கெடக்கு. மொதக் கட்டத்துக்கு நாலு, பெறகு மூணு மூணாச் சேரும். நாலு, ஏழு, பத்து. 3n + 1."

மலையம்மாள் தாளைப் பிடுங்கி விரல் வைத்து எண்ணினாள். முதல் கட்டத்துக்கு எப்படி எண்ணினாலும் நாலுதான் வந்தது. இரண்டாவதில் விரல் நின்றுவிட்டது.

விஷயம் கேட்ட அவள் புருஷன் ஒச்சாண்டி, "படுத்துக் கெடந்த குச்சிய ஊண்டிட்டு வந்திருக்கியே, ஆத்தா" என்றான். சிரிக்கத்தான் சொன்னான். அவள் சோறு தின்னாமல் எழுந்துபோன பிறகு அவனும் தட்டைத் தள்ளிவிட்டான்.

முடிவு வந்தது. தேற முப்பத்தைந்து வேண்டும். அவளுக்கு முப்பத்திரண்டு.

மறுநாள் தோட்டத்து முதலாளி அய்யாத்துரை கூப்பிட்டார். "மலையம்மா, ரோட்டோரமா ஒத்த வரிசை போடுறோம். பன்னண்டு கட்டம். எத்தனை?"

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"கல்லா கேக்குறீக, மேல கட்டுற கம்பியா?"

"இதென்ன புதுசா? கல்லுதான்."

"இருபத்தாறு" என்றாள். சொன்ன பிறகும் திரும்பிக்கொண்டு விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.