நீங்கள்தானா என்று கேட்ட போன்

என் அக்கா வீட்டுக்காரர் ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தில் காவலாளி. எங்கள் குடும்பத்தில் அவருக்குக் ‘கேட்டு மாமா’ என்று பெயர். யார் வந்தாலும் மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை. பிறகு, “யாரு? எந்த வீடு?” இன்டர்காமில் கேட்காமல் ஒரு ஈ காக்காயை உள்ளே விடமாட்டார். வேலை முடிந்து வந்தாலும் அந்தச் சந்தேகத்தைச் சட்டையோடு கழற்றி மாட்டத் தெரியாது. நான் ஆசையாக வாங்கிப் போகும் பழத்தைக்கூட எங்கே வாங்கினாய், யார் எடுத்துக் கொடுத்தது என்று விசாரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன் விஷயத்தில் கேட்கவே வேண்டாம். பெற்ற மகளிடம்கூடத் தரமாட்டார். இத்தனைக்கும் அதில் இருந்தது ஒரு மெசேஜ் கணக்கும் கூடை கூடையாகக் காலை வணக்கப் படங்களும்தான்.

மகளுக்கு நர்சிங் படிக்க ஆசை. இணையத்தில் விண்ணப்பிப்பதெல்லாம் பித்தலாட்டம் என்று மாமா ஒரே போடாகப் போட்டுவிட்டார். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அவர் குளிக்கப் போன நேரத்தில் போனை எடுத்து, அவருடைய மெசேஜ் கணக்கைக் காட்டியே கல்லூரியின் தளத்துக்குள் நுழைந்து விண்ணப்பித்துவிட்டாள். அதற்குத் தனிக் கடவுச்சொல் எதுவும் தேவைப்படவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள்.

சீட்டு கிடைத்தது. ஆனால் அது தெரிந்தபோது மாமா போனோடு வேலைக்குப் போயிருந்தார். அன்று மாலைக்குள் தளத்தில் உறுதிசெய்யாவிட்டால் சீட்டு அடுத்தவருக்கு. அப்பாவின் அதே கணக்கைக் காட்டி நுழைய அவள் கம்ப்யூட்டர் சென்டருக்கு ஓடினாள்.

என்ன ஆயிற்று என்று கேட்கத்தான் அன்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“வா மச்சான். இன்னைக்கு ஒரு திருடனை விரட்டினேன்.”

“கட்டடத்துலயா மாமா?”

“போன்ல! எவனோ என் கணக்கை வெச்சு எங்கேயோ நுழையப் பாக்குறான். ‘நீங்கள்தானா?’ன்னு போனே கேக்குது. நான் கேட்ல நிக்கிறேன், அது எப்படி நானா இருக்கும்? இல்லைன்னு அமுக்கினேன். மறுபடியும் வந்தான். விடுவேனா? கடைசியில கணக்கையே மொத்தமா பூட்டிட்டேன்ல!”

மகள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அழுது முடித்த முகம்.

“அது நான்தாம்பா,” என்றாள். கிடைத்த சீட்டையும் முடிந்துபோன கெடுவையும் சொன்னாள்.

மாமா மெதுவாக, “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” என்றார்.

“சொன்னா நம்பியிருப்பியாப்பா?”

அந்த மனிதரைப் பார்க்க எனக்கே பாவமாகிவிட்டது. போனை எடுத்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, திரையை மேலும் கீழும் தள்ளித் தேடினார்.

“இப்ப ஆமான்னு அமுக்கிடட்டுமா?”

“இப்ப அது கேக்காதுப்பா,” என்றாள்.